உபதேசியார் பதில்கள்: உண்டியலில் போட்டால் தீருமா?

கேள்வி: எனக்கும் பக்கத்து வயல்காரருக்கும் பொதுவான வரப்பை ஆண்டுதோறும் சிறுகச் சிறுக வெட்டி, பத்துப் பதினைந்து குழி நிலத்தை என் பக்கம் சேர்த்துக்கொண்டேன். அவர் இறந்துவிட்டார். மனைவி வயலைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். மகன் திருப்பூரில் இருக்கிறார். சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிட்டு, பாவசங்கீர்த்தனம் செய்தும் எனக்கு நிம்மதி இல்லை. அழுகையும் வரவில்லை, நரக பயம் மட்டும் இருக்கிறது. அந்த நிலத்தின் விலையை வேளாங்கண்ணி மாதா உண்டியலில் செலுத்திவிடலாமா?
— பெயர் வேண்டாம், திருவையாறு வட்டம்

பதில்: கூடாது. மாதாவின் நிலத்தையா வெட்டினீர்கள்?

அழுகை வரவில்லையே என்ற கவலையை விடுங்கள். பாவத்துக்காக வருந்தும் மனஸ்தாபத்தில், கடவுள்மீதுள்ள அன்பால் வருவதை உத்தம மனஸ்தாபம் என்றும், தண்டனைக்கு அஞ்சி வருவதை அடிமை மனஸ்தாபம் என்றும் பழைய ஞானோபதேசப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இரண்டாவது குறையுள்ளதுதான். ஆனாலும் அதுவும் கடவுளின் கொடையே என்று 1551இல் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் சொல்லியிருக்கிறது. கண்ணீரை யாரும் நிபந்தனையாக வைக்கவில்லை. சிலுவைப்பாதையில் தேம்பி அழுதுவிட்டு, வெளியே வந்ததும் மடைத் தகராறுக்கு மண்வெட்டியைத் தூக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. சாமியாரிடம் என்ன சொன்னீர்கள்? ‘பேராசைப்பட்டேன்’ என்று பொதுப்படையாகவா, ‘வரப்பை வெட்டினேன்’ என்றா? எல்லையை நகர்த்துகிறவனுக்கு பைபிளின் இணைச்சட்ட நூலில் (27:17) தனியாகவே ஒரு சாபம் இருக்கிறது.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனம் வருந்தினான். குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். அதற்குக் கூலியாக வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். யாரிடம்? தலைமைக் குருக்களிடம். அவர்கள் கைவிரிக்கவே, கோவிலில் எறிந்துவிட்டுப் போனான். யாருக்குத் துரோகம் செய்தானோ அவர் பக்கம் போகவேயில்லை. இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பேதுருவோ, கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று கேட்டதும் கடலில் குதித்து அவரிடம் போனார் (யோவான் 21:7). உங்கள் உண்டியல் யோசனை இவர்களில் யாருடையது?

உரியவர் இறந்துவிட்டால் வாரிசுக்குத் திருப்ப வேண்டும். வாரிசே தெரியாதபோதுதான் ஏழைகளுக்கு. உங்களுக்கோ வாரிசின் வீட்டு வாசல் தெரியும்.

மானம் போகுமே என்று தயங்குவீர்கள். ஊரைக் கூட்டி அறிவிக்கும்படி திருச்சபை கேட்கவில்லை. சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் சர்வேயரை அழைத்து, நில அளவை வரைபடமான புலப்படத்தின்படி அளந்து கல் ஊன்றச் செய்யுங்கள், செலவு உங்களுடையது. இத்தனை ஆண்டுகள் அதில் விளைந்த நெல்லுக்கும் கணக்கு உண்டு. வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் தருவதாக இயேசுவிடம் சொன்னார். நீங்கள் ஒரு மடங்கையாவது பிடித்தமில்லாமல் கொடுங்கள். மகன் பொங்கலுக்கு வந்திருக்கும்போது அம்மாவையும் அவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது நல்லது. குத்தகைக்காரருக்கும் சொல்லிவிடுங்கள், அடுத்த நடவுக்கு அவருக்குத்தான் எல்லை தெரிய வேண்டும்.