காட்டோரத் தேயிலையில் மஞ்சள் எறும்பு: மருந்து ஊற்றலாமா?

கேள்வி: இரத்தினபுரிப் பக்கம், காட்டை ஒட்டி அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். எல்லையில் கிடக்கும் உக்கிய குச்சிகளைப் பிளந்தால் உள்ளே சின்ன மஞ்சள் எறும்புகள். நடுவில் தலை பெருத்த சிலவும் உண்டு. சில தேயிலைச் செடிகள் உள்ளே வெறுமையாகிக் கோறையாகிவிட்டன. இந்த எறும்புதான் காரணமா? குச்சிகளை எரித்து, மருந்து ஊற்றச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர்.

பதில்: ஐயா, எரிக்கவும் வேண்டாம், ஊற்றவும் வேண்டாம். தேயிலையைக் கோறையாக்குவது கறையான். தாழ்நாட்டுத் தேயிலையில் வரும் கறையான் மண்ணில் புற்றுக் கட்டாது. கவ்வாத்து வெட்டில் காய்ந்துபோன முனை வழியாக இறங்கி, உயிர்மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். நிலத்தில் ஊற்றும் மருந்து அதை எட்டாது. கவ்வாத்தின்போது காய்ந்த முனைகளை நல்ல மரம் தெரியும்வரை வெட்டுங்கள். முழுக்கக் கோறையான செடியை வேரோடு எடுத்து, அதை மட்டும் எரியுங்கள்.

இனி எறும்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அதுதான். ஒரு லென்ஸ் வைத்து அதன் இடுப்பைப் பாருங்கள். இரண்டு முடிச்சு இருந்தால் எங்கும் காணும் எறும்பு. அதிலும் பெருந்தலைக்காரர் உண்டு. நீண்ட காம்பில் ஒரே முடிச்சு இருந்தால் அது அனியூரீட்டஸ் சிமோனி என்ற அரிய எறும்பாக இருக்கலாம்.

அந்தப் பேரினத்தில் இன்று உயிரோடிருப்பது இந்த ஒரே இனம். உலகிலேயே இலங்கையில் மட்டும்தான் இருக்கிறது. இதன் உறவுகள் 3 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பால்டிக் கடற்பகுதியின் அம்பரிலும் (இறுகிய பழங்கால மரப்பிசின்) அமெரிக்காவின் கொலராடோப் பாறைகளிலும் புதைபடிவமாகிப் போயின. 1893இல் இத்தாலியப் பூச்சியியலாளர் எமெரி இதற்குப் பெயரிட்டார். 1955இல் அமெரிக்க எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் கண்டியில் தேடிக் காணாமல், உங்கள் இரத்தினபுரிக் காட்டில்தான் உயிரோடு கண்டார். அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் சர்வதேசச் செம்பட்டியலில் இது மிக அருகிய நிலையில் உள்ள உயிரி.

ஈரமான நிழலில் உக்கிக் கிடக்கும் ஒரு குச்சிக்குள் முழுக் குடும்பமும் அடங்கிவிடும். செத்த பூச்சிகளையும் சிற்றுயிர்களையும் தின்னும், தேயிலையைத் தொடாது. நமக்குக் குப்பையாகத் தெரியும் அந்தக் குச்சிதான் அதன் வீடு. கூட்டி எரித்தால் ஒரே பின்னேரத்தில் எல்லாம் போய்விடும்.

ஆகவே எல்லையோரம் நாலைந்து அடி அகலத்துக்குச் சருகையும் குச்சியையும் கிடந்தபடி விடுங்கள். நிழல் மரத்தையும் வெட்டாதீர்கள். பிளந்த குச்சியைப் பழைய இடத்திலேயே மூடி வையுங்கள். இடுப்புத் தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒற்றை முடிச்சென்றால் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கு நானே அறிவிக்கிறேன்.