வாங்கிய நூலை இணையத்தில் ஏற்றலாமா? நூலகமும் பதிப்புரிமையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு பாடநூலுக்கு இரண்டு அச்சுப் பிரதிகள்தான் இருக்கின்றன. தேர்வு நெருங்கும்போது ஐம்பது, அறுபது மாணவர்கள் அதைக் கேட்டு வருகிறார்கள். முறையாக விலை கொடுத்து வாங்கிய நூலை ஸ்கேன் செய்து நூலக இணையதளத்தில் ஏற்றினால் அது தவறாகுமா?

பதில்: தவறாகும். விலை கொடுத்தபோது நூலகத்துக்குச் சொந்தமானவை அந்த இரண்டு பிரதிகள் மட்டுமே. படைப்பைப் பிரதியெடுக்கும் உரிமையும், அதைப் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்யும் உரிமையும் ஆசிரியரிடமோ பதிப்பாளரிடமோ தொடர்ந்து இருக்கின்றன. ஸ்கேன் செய்வது முதல் உரிமையையும், இணையத்தில் ஏற்றுவது இரண்டாவதையும் மீறுகிறது. லாப நோக்கம் இல்லை என்பதை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம். ஆனால் அது ஒன்றே அனுமதி ஆகிவிடாது.

நூலகங்களுக்குச் சட்டம் சலுகை எதுவும் தரவில்லையா என்றால், தந்திருக்கிறது. அவற்றில் பல, நூல்களைப் பாதுகாத்து வைப்பதற்கானவை. அமெரிக்கச் சட்டத்தின் 108ஆவது பிரிவின்படி, சிதைந்துபோன அல்லது காணாமல்போன நூலுக்கு நியாயமான விலையில் மாற்றுப் பிரதி கிடைக்காதபோது, நூலகம் மூன்று பிரதிகள் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டிஜிட்டல் பிரதியை நூலக வளாகத்துக்கு வெளியே பொதுமக்களுக்குத் தரக் கூடாது. இந்தியச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே அச்சுப் பிரதியாக உள்ள படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்க இடம் தருகிறது. சேமிக்கலாம் என்பதை எல்லோருக்கும் வழங்கலாம் என்று நீட்டிப் பொருள்கொள்ள முடியாது. ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் இன்னும் சற்று தாராளமாகவே தீர்ப்பளித்தது. நூலகம் தன் நூல்களை ஸ்கேன் செய்து, தன் வளாகத்தில் அதற்கென வைத்துள்ள கணினிகளில் வாசகர்கள் படிக்கத் தரலாம். ஆனால் அங்கிருந்து அச்செடுப்பதும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போவதும் அந்தச் சலுகைக்குள் வராது.

கையில் ஒரு பிரதி இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு வாசகருக்கு மட்டும் ஸ்கேன் வடிவில் இரவல் தரலாமே என்ற வாதமும் நீதிமன்றத்துக்குப் போனது. அமெரிக்காவின் இணையவழி நூலகமான இன்டர்நெட் ஆர்கைவ் அந்த முறையில் நூல்களை வழங்கியதையும், பெருந்தொற்றின்போது காத்திருப்பு வரிசையின்றி ஒரே நேரத்தில் பலருக்கும் திறந்துவிட்டதையும் எதிர்த்து நான்கு பதிப்பகங்கள் 2020இல் வழக்குத் தொடுத்தன. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 செப்டம்பரில் பதிப்பகங்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அச்சில் நின்றுபோய், எந்த வடிவிலும் விலைக்குக் கிடைக்காத நூல்களுக்காவது இந்த முறைக்கு இடமிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் பாடநூல் கடையில் கிடைக்கிறது என்றால் அந்த வாதமும் உங்களுக்குக் கைகொடுக்காது. தேர்வுக் காலத்துக்கு மட்டுமான மின்னூல் உரிமம் கிடைக்குமா என்று பதிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். குறிப்பிட்ட சில அத்தியாயங்களுக்கு அனுமதி தருமாறும் கேட்கலாம். எதுவானாலும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நூலகச் செயலியில் மின்னூலுக்கும் காத்திருக்கச் சொல்கிறார்கள். சில நூல்கள் திடீரென்று பட்டியலிலிருந்தே மறைந்துவிடுகின்றன. கிழியாத, தேயாத கோப்புக்கு ஏன் இந்தக் கட்டுப்பாடு?

பதில்: அச்சு நூல் விற்கப்பட்டதும், அந்தக் குறிப்பிட்ட பிரதி அடுத்து யார் கைக்குப் போகிறது என்பதன் மேல் பதிப்பாளருக்கு உள்ள பிடி பெரும்பாலான நாடுகளில் தளர்ந்துவிடுகிறது, இரவல் நூலகம் என்பதே அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. மின்னூல் விஷயத்தில் நூலகத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் அணுகுவதற்கான உரிமம்தான். பயன்படுத்திய மின்னூல்களை மறுவிற்பனை செய்த டாம் கேபினெட் என்ற நிறுவனத்தின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019இல், மின்னூலைப் பதிவிறக்கம் செய்யத் தருவது பிரதியை விற்பதாகாது, பொதுமக்களுக்குப் படைப்பைக் கிடைக்கச் செய்வதாகும் என்று கூறியது. எனவே எத்தனை பேர் படிக்கலாம், எத்தனை நாள் படிக்கலாம் என்பதையெல்லாம் ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011இல் கொண்டுவந்த முறையில், ஒரு மின்னூல் 26 முறை இரவல் போனதும் உரிமம் தீர்ந்துவிடும். நூலகம் மீண்டும் பணம் கட்டினால்தான் அது அலமாரிக்குத் திரும்பும். உங்கள் நூல் மறைந்ததற்கும் இப்படியொரு காரணம் இருக்கக்கூடும்.

நூலகர்கள் சந்தா ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ என்பதற்கு என்ன வரையறை தரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முன்னாள் மாணவர்கள், உறுப்பினராகாமல் நேரில் வந்து படிப்பவர்கள், வீட்டிலிருந்து கடவுச்சொல் போட்டு நுழைபவர்கள் ஆகியோர் அந்த ஒரு வரியில்தான் உள்ளே வருகிறார்கள், அல்லது வெளியே நிற்கிறார்கள். அடுத்து, சந்தா நின்ற பிறகு பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களையாவது தொடர்ந்து படிக்க முடியுமா, ஒரு கட்டுரையை இன்னொரு நூலகத்துக்கு அனுப்பலாமா என்று பாருங்கள். சட்டம் தந்த சலுகையை ஒப்பந்தம் பறிப்பது நியாயமே இல்லை. பிரிட்டன் 2014இல் செய்த திருத்தங்களின்படி, நூலகங்களுக்கான குறிப்பிட்ட சலுகைகளைத் தடுக்கும் ஒப்பந்த விதிகள் செல்லாது. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இத்தகைய பாதுகாப்பு உண்டு. இப்படியொரு பாதுகாப்பு இல்லாத நாட்டில், கையெழுத்துக்கு முன் பேசி மாற்றிக்கொள்வது ஒன்றே வழி.

கேள்வி: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கட்டுரைகளைப் பதிவிறக்கி எங்கள் நூலக சர்வரில் சேர்த்து வைக்கலாமா?

பதில்: இலவசமாகப் படிக்கக் கிடைப்பதாலேயே பதிப்புரிமை போய்விடாது. கட்டுரையின் முதல் பக்கத்திலோ தளத்தின் அடியிலோ, உரிமையாளரே எல்லோருக்கும் முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ‘சிசி பை’ (CC BY) என்றிருந்தால் ஆசிரியர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். ‘என்டி’ (ND) என்றிருந்தால் மாற்றியமைத்த வடிவத்தை வெளியிடக் கூடாது. குறிப்பு எதுவும் இல்லையென்றால், ஆசிரியரோ பதிப்பாளரோ வெளியிட்ட பக்கத்துக்கு லிங்க் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பார்வையற்ற வாசகர் ஒருவர், திரைவாசிப்பான் மென்பொருளில் கேட்பதற்காக ஒரு நூலை முழுவதுமாக ஸ்கேன் செய்து தரக் கேட்கிறார். மேலே சொன்ன தடை இவருக்கும் பொருந்துமா?

பதில்: இவருக்காகவே உலக நாடுகள் தனி உடன்படிக்கை செய்துள்ளன. 2013இல் நிறைவேறி 2016இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கையில் இணைந்த நாடுகள், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும், உடல் குறைபாட்டால் நூலைக் கையில் பிடிக்கவோ பக்கம் புரட்டவோ இயலாதவர்களுக்கும், உரிமையாளரின் அனுமதியின்றியே நூலை அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் மாற்றித்தர வழிசெய்ய வேண்டும். முழு நூலையும் மாற்றலாம். அப்படி மாற்றியதை உடன்படிக்கையில் உள்ள பிற நாடுகளுடன் பகிர்ந்துகொள்ளவும் முடியும். இந்தியாதான் இதை முதலில் ஏற்புறுதி செய்த நாடு. அத்தகைய வடிவம் கடையிலேயே விற்பனைக்கு உண்டா என்று முதலில் பார்க்கும்படி சில நாடுகளின் சட்டம் நிபந்தனை விதிக்கலாம். உங்கள் நாட்டு விதியை ஒருமுறை சரிபாருங்கள். பிறகு தயக்கமில்லாமல் ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளால் எழுத்தாக மாற்றி, பிழை பார்த்துக் கொடுங்கள். வெறும் படமாக உள்ள பக்கங்களைத் திரைவாசிப்பான் படித்துக்காட்டாது. கோப்பைப் பொது இணையதளத்தில் வைக்காமல் உரியவரிடம் நேரடியாகச் சேருங்கள்.