தோட்டத்துக்கு வர மறுக்கும் மகன்

மதிப்பிற்குரிய மேடம்,

ஏற்காடு மலையில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. 2 ஏக்கர் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. மகனுக்கு 9 வயது. சேலத்தில் என் அண்ணன் வீட்டில் தங்கிப் படித்தவனை இந்த ஜூனில்தான் மலைக்கு அழைத்து வந்தோம். வந்த புதிதில் கழுத்தில் கம்பளிப்பூச்சி விழுந்து தடித்துப் போனது. அதிலிருந்து தோட்டத்தில் கால் வைப்பதில்லை. மண்புழுவைக் கண்டாலும் அலறுகிறான். பள்ளி விட்டு வந்தால் போன்தான். என் வீட்டுக்காரர் ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துப் போனார். அழுது வாந்தி எடுத்துவிட்டான். "படிக்கலைன்னா இங்க மம்பட்டிதான் பிடிக்கணும்" என்று மிரட்டியும் பார்த்துவிட்டார். "பூச்சிக்குப் பயப்படறவன் நாளைக்கு எப்படித் தோட்டம் பாப்பான்?" என்று மாமியார் புலம்புகிறார். இயற்கையோடு வளரட்டும் என்றுதானே கூட்டி வந்தோம்?

— ஒரு தாய், ஏற்காடு

அன்புள்ள சகோதரிக்கு,

பூச்சியைவிட அந்த மம்பட்டிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. படிக்காவிட்டால் தோட்டம்தான் தண்டனை என்கிற அதே வீடு, தோட்டத்தை இவன் விரும்பவில்லையே என்றும் வருந்துகிறது. பிள்ளை எதை எடுத்துக்கொள்வான்? அப்பா பார்ப்பது தோற்றுப்போனவர்கள் பார்க்கும் வேலை என்றுதான். அந்தப் பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். (உங்கள் வீட்டில் மட்டுமா? கீழே குச்சிக்கிழங்கு போடுகிற வீடுகளிலும் இதே வசனம்தான்.)

பயத்துக்கு வருவோம். கம்பளிப்பூச்சி அவனுக்கு வலித்தது நிஜம். அதனால் "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்ற கேலி வேண்டாம்; பாட்டியிடமும் சொல்லிவையுங்கள். பயப்படுகிற இடத்தை விட்டு விலகினால் உடனே நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிக்காகவே அடுத்த முறை இன்னும் தள்ளி நிற்பான். அதற்காக இழுத்துக்கொண்டு போனால் பயம் ஒன்றுக்கு இரண்டாகும். அவன் தாங்குகிற அளவுக்குச் சிறுகச் சிறுகப் பழக்க வேண்டும்.

அதற்கு உங்கள் காப்பிச் செடியிலேயே ஆள் இருக்கிறது: காய் துளைப்பான். காயின் நுனியில் குண்டூசி குத்திய அளவில் ஓட்டை தெரியும். பிளந்தால் உள்ளே எள்ளைவிடச் சிறிய கறுப்பு வண்டு. ஆளைக் கடிக்காது. அப்படிப்பட்ட காய்கள் நாலைந்தை உங்கள் வீட்டுக்காரர் திண்ணைக்குக் கொண்டுவந்து பிளக்கட்டும். பையன் தள்ளி உட்கார்ந்தே பார்க்கட்டும். போன் கேமராவில் வண்டைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். அந்த போனுக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி இருக்கும்.

ஓரளவு பழகியதும், வீட்டை ஒட்டிய வரிசையில் மட்டும் எந்தச் செடியில் எத்தனை காய் துளை விழுந்திருக்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதட்டும். அப்பாவுக்கு நிஜமாகவே தேவைப்படும் கணக்கு அது. சும்மா கொடுக்கிற வேலையைப் பிள்ளைகள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். முழுக்கால் சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்றால் வரட்டுமே. பழம் சிவக்கிற பருவத்தில், மரநாய் தின்று கழித்த காப்பிக் கொட்டையைப் பாறை மேல் காட்டுங்கள். "பீயில காப்பியா!" என்று சிரிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

அண்ணன் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், கூடவே வளர்ந்தவர்களை விட்டு வந்த ஏக்கமும் அந்த போன் பிடிவாதத்தில் இருக்கலாம். அடிக்கடி பேசவிடுங்கள். லீவுக்கு அவர்களை வரவழைத்து, தோட்டத்தைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை இவனிடம் விடுங்கள்.

6 மாதம் தாண்டியும் இதே பயம் நீடித்தால், அல்லது தூக்கமோ பள்ளியோ கெடுகிறது என்றால் அதற்கு முன்பே, சேலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். மலையிறங்க முடியாத நாட்களில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை சேவை) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.