மலையேறிகள் சாகசக் கதை சொல்லி நிதி திரட்டுகிறார்களே, அதில் உண்மையிலேயே பணம் சேருமா?

சேரும். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் 2020-இல் மறைந்த இங்கிலாந்து மலையேறி டக் ஸ்காட். 1975 செப்டம்பரில் டூகல் ஹேஸ்டனுடன் எவரெஸ்ட்டின் தென்மேற்கு முகம் வழியாக உச்சிக்குப் போனவர். இறங்கும்போது இருட்டிவிட, ஆக்சிஜன் தீர்ந்த நிலையில், சுமார் 8,750 மீட்டர் உயரத்தில் பனியில் குழி தோண்டி இரவைக் கழித்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பாகிஸ்தானின் ஓக்ர் சிகரத்தில் இறங்கும்போது கயிற்றில் ஊசலாடிப் பாறையில் மோதி இரண்டு கால்களும் முறிந்தன. முழங்காலால் தவழ்ந்தே கீழே வந்தார், பல நாட்கள்! இப்படி ஒரு கதை கையிலிருந்தால் அரங்கு நிறையாமல் என்ன செய்யும்?

சரி, அவருடைய பேச்சுகளில் பணம் எப்படி வந்தது? முதலில் நுழைவுச் சீட்டு. அப்புறம் கையெழுத்திட்ட மலைப் படங்களை ஏலம் விடுவார். கதை கேட்ட சூட்டோடு ஏலம் நடப்பதுதான் சூட்சுமம் என்பது என் கணிப்பு.

அந்தப் பணம் அவர் தொடங்கிய ‘கம்யூனிட்டி ஆக்‌ஷன் நேபாள்’ அமைப்புக்குப் போனது. மலைக் கிராமங்களில் மருத்துவ நிலையம், பள்ளிக்கூடம், சுமைதூக்கிகளுக்குத் தங்குமிடம் எனக் கட்டினார்கள். 2015 நிலநடுக்கத்தில் பல கட்டடங்கள் இடிந்தன. எழுபதைத் தாண்டிய வயதில் மறுபடி ஊர் ஊராகப் பேசப் போனார்.

எல்லாப் பேச்சாளரும் இப்படியல்ல. சிலர் தங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். சீட்டு வாங்குமுன் அதைக் கேட்டுவிடுங்கள், தப்பில்லை.