ஊர்ப்பெயரை நம்பி வாங்கலாமா?

தமிழ்நாட்டு ஊர்களையும் அந்தந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்த பொருள்களையும் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் ஏழு கேள்விகள், பதில்களோடு.

மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போகிறோம். எந்தக் கடையில் கேட்டாலும் ‘அசல்’ என்றுதான் சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
*வாசகி, திருவண்ணாமலை*

‘அசல்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இழை பட்டா? சரிகை வெள்ளியா? நெசவு கைத்தறிக் கோர்வையா? முதலாவதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மூன்றுக்கும் சொன்னதுபோல நகர்ந்துவிடும் விற்பனையாளர்கள் உண்டு. ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

இழைக்கு சில்க் மார்க் முத்திரை இருக்கிறது. அது தூய பட்டு என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். சரிகைக்கும் கைத்தறிக்கும் அது பொறுப்பேற்காது. முத்திரை இல்லையென்றால் ஓரத்தில் நாலு இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு, மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு எரியும். சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகத் திரளும். ஊடையும் (குறுக்கு இழை) பாவும் (நெடுக்கு இழை) வேறு வேறு இழையாக இருக்கலாம் என்பதால் இரண்டிலிருந்தும் உருவ வேண்டும்.

சரிகையில்தான் ஏமாற்று அதிகம். நல்ல சரிகை என்பது பட்டு நூலைச் சுற்றித் தட்டையான வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். தங்கம் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. முலாமை லேசாகச் சுரண்டினால் வெண்மை தெரிந்தால் நல்லது. செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் அது ‘டெஸ்டட்’ சரிகை. உள்நூல் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். இப்போது போலிக்காரர்களும் உள்நூலைச் சிவப்பாகவே சாயம் போடுகிறார்கள், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கருவியில் வைத்துச் சோதித்து வெள்ளி, தங்க விழுக்காட்டைச் சீட்டாகத் தரும் கடையில் வாங்குவதே பத்திரம். டெஸ்டட் சரிகைப் புடவை கட்டுவதில் தவறில்லை. வெள்ளி விலை கொடுத்து அதை வாங்குவதுதான் தவறு.

மூன்றாவது, கோர்வை. கரையைத் தனி ஊடையில் நெய்து உடலோடு கோப்பது அது. உடலுக்கு ஒரு நாடா (ஊடையைக் குறுக்கே கொண்டுபோகும் கருவி), இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று நாடாக்கள். கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள். நெசவாளர் கரையைப் ‘பேட்டு’ என்பார். புடவையைத் திருப்பி, உடலும் பேட்டும் சேரும் கோட்டை நகத்தால் வருடுங்கள். இரண்டு நிற ஊடைகளும் ஒன்றையொன்று கொக்கிபோல் பிடித்திருப்பதால் லேசான மேடு தட்டுப்படும். முன்பக்கத்தில் பேட்டின் நிறம் கலப்பில்லாமல் நிற்கும். அரக்குக் கரையில் உடலின் பச்சை நிழலாடினால் ஒரே ஊடை குறுக்கே ஓடியிருக்கிறது, கோர்வை இல்லை. முந்தியின் தொடக்கத்தையும் பாருங்கள். அங்கே உடலின் பாவு நூலும் முந்தியின் பாவு நூலும் சிறிது தூரம் சேர்ந்தே நெய்யப்பட்டு, பிறகு உடல் பாவு வெட்டப்பட்டிருக்கும். இதுதான் பெட்னி. பின்பக்கம் தடித்த பட்டையாகத் தெரியும் அந்த இடத்தைப் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு!

பட்டு கர்நாடகத்திலிருந்தும் சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்தும் வருகின்றன. காஞ்சிபுரம் பேர் வாங்கியது இந்த இரண்டு இணைப்புகளால்தான். பேரம் பேசும்போது விரல் அங்கே இருக்கட்டும்.

திருப்பூரில் மலிவாக வாங்கிய டி-ஷர்ட், ஒரே துவைப்பில் பக்கவாட்டுத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிட்டது. தையல்காரர் தப்பா?
*வாசகர், தர்மபுரி*

அநேகமாகத் தையல்காரர்மேல் தவறில்லை. டி-ஷர்ட்டுக்கான சிங்கிள் ஜெர்ஸி துணி ஒற்றை முறுக்கு நூலில் பின்னப்படுகிறது. முறுக்கேறிய நூல் தண்ணீர் கண்டதும் முறுக்கு விட்டுக்கொள்ளப் பார்க்கும். கண்ணிகள் ஒரே பக்கமாகச் சாயும். வட்டப் பின்னல் எந்திரத்தில் ஒரே நேரத்தில் பல நூல்கள் ஏறுவதால் வரிசைகளும் திருகுபோல ஏறி இறங்குகின்றன. சாயம் ஏற்றிய பிறகு ‘காம்பாக்டிங்’ (துணியை முன்கூட்டியே சுருக்கி நிலைப்படுத்தும் வேலை) சரியாகச் செய்திருந்தால் இது பெருமளவு அடங்கும். அவசர ஆர்டரிலும் மலிவுச் சரக்கிலும் முதலில் வெட்டு விழுவது அந்த வேலைக்குத்தான்.

வாங்கும்போதே பிடிக்கலாம். இரண்டு தோளையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் நேராக விளிம்புக்கு இறங்க வேண்டும். துணியின் செங்குத்துக் கண்ணி வரிசை தையலை வெட்டிக்கொண்டு சாய்ந்து போனால், துவைத்ததும் திரும்பும். வீட்டில் இதற்கு நிரந்தர வைத்தியம் கிடையாது. ஈரத்தில் இழுத்துச் சமப்படுத்தித் தரையில் விரித்துக் காயவைத்தால் அடுத்த துவைப்புவரை தாங்கும்.

ஜிஎஸ்எம் என்று கடைக்காரர் சொல்லும் எண் ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. பனியன் கம்பெனிகளில் 100 சதுர செ.மீ. வட்டமாகத் துணியை நறுக்கி நிறுப்பார்கள், 1.8 கிராம் வந்தால் 180 ஜிஎஸ்எம். வெயிலுக்கு 140 முதல் 160 போதும். காலர் வைத்தது என்றால் 200க்கு மேல் இருந்தால்தான் தொங்காது. திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் கிலோ கணக்கில் மூட்டையாக எடுப்பவர்கள், மேலே இருக்கும் பத்தைப் பார்த்து முடிவுசெய்யாமல் நடுவிலிருந்து உருவிப் பாருங்கள். ஊசிக்கோடு, சிறு ஓட்டை, முன்பக்கத்துக்கும் கைக்கும் சாயம் ஒத்துப்போகாமை, இவைதான் வழக்கமான குறைகள்.

சிவகாசியில் பட்டாசு சரி. காலண்டரும் ஏன் அங்கேயே அடிக்கிறார்கள்? எங்கள் கடைக்கு அடிக்க எப்போது ஆர்டர் தர வேண்டும்?
*வாசகர், பண்ருட்டி*

எல்லாம் தீக்குச்சியில் தொடங்கியது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை குறைந்த, காற்றில் ஈரமில்லாத ஊர். மருந்து தோய்த்த குச்சி சீக்கிரம் உலரும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். அதை அடிக்க வந்த அச்சகங்கள் நாளடைவில் காலண்டர், டைரி, நோட்டு என்று விரிந்தன. அந்த வறண்ட காற்று அச்சுக்கும் தோது. தாள் ஈரம் குடித்தால் நீளும், நாலு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது.

புதிய வருடத்துக்கான தினசரி காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்று வெளியாகும். தீபாவளிக்கு முன்பே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். கார்த்திகையில் போனால் நல்ல படங்கள் தீர்ந்திருக்கும். ப்ரூஃபில் முதலில் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படியுங்கள். சாமி படத்தையே ரசித்துக்கொண்டிருந்துவிட்டு வருடம் முழுக்கத் தப்பு எண்ணைச் சுவரில் மாட்டிவைத்த கடைகள் இருக்கின்றன. சொந்தப் படம் தருவதானால் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். மூலக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

திருச்செங்கோடு என்றால் அர்த்தநாரீஸ்வரர். வேறு ஏதாவது உண்டா?
*வாசகர், காட்பாடி*

ஆழ்துளைக் கிணறு. வடமாநிலத்துக் கிராமத்தில் போர் போட வந்து நிற்கும் ரிக் வண்டியின் சொந்தக்காரரும் ஆட்களும் திருச்செங்கோட்டுப் பக்கத்தவர்களாக இருப்பது சர்வசாதாரணம். லாரிக்கும் முட்டைக்கும் பக்கத்து நாமக்கல்.

தஞ்சாவூர் வீணை வாங்கி இரண்டு வருடம்தான். இந்தக் கோடையில் சுரம் தப்புகிறது. மரம் சரியில்லையா?
*வாசகி, திருநெல்வேலி*

மரத்தைச் சந்தேகிக்கும் முன் மெழுகைப் பாருங்கள். வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அறையப்பட்டவை அல்ல. கரித்தூள் கலந்த தேன்மெழுகில் பதிந்து நிற்பவை. தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும் என்றாலும் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். வெயிலில் பூட்டிய காரில் ஒரு மணி நேரம் கிடந்தால் போதும், தந்தி அழுத்தும் இடத்தில் மெட்டு ஒரு நூல் அமிழும். ஒரே மெட்டில் மட்டும் தந்தி இரைந்தால் அந்த மெட்டு அமிழ்ந்திருக்கிறது, அல்லது அதற்கு அடுத்த மெட்டு உயர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

நீங்களே ஸ்பூனைச் சூடாக்கி மெழுகை அழுத்தாதீர்கள். ஒன்றைச் சரிசெய்யப் போய்ப் பக்கத்தில் உள்ள மூன்று நகரும். மேளம் கட்டத் தெரிந்தவரிடம், அதாவது மெட்டுகளைச் சுருதிக்கேற்ப மெழுகில் பதிப்பவரிடம், கொடுங்கள். அவர் பழைய மெழுகை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மெட்டாகச் சுருதி கேட்டு வைப்பார். சில வருடங்களுக்கு ஒருமுறை இது எப்படியும் தேவைப்படும் வேலை. குடம், தண்டி எல்லாம் ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கும் இதே கதைதான். ஏகாண்டம் என்பதால் மெழுகு இளகாமல் இருக்குமா என்ன?

சுவாமிமலையில் நடராஜர் வாங்கி சிங்கப்பூர் கொண்டுவர ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?
*வாசகர், சிங்கப்பூர்*

முதலில் காகிதம், பிறகு சிலை. புதிதாக வார்த்ததாக இருந்தாலும் பார்வைக்குப் பழஞ்சிலைபோல இருந்தால் சுங்கத்தில் நிறுத்துவார்கள். இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொன்மைப் பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எடை, உயரம் குறித்த ரசீதும் நாலு பக்கப் புகைப்படமும் அதற்கு வேண்டும். ஊருக்குக் கிளம்பும் நாளில் போய் நின்றால் நடக்காது, ஒரு வாரமாவது கையில் இருக்கட்டும். பச்சைக் களிம்பு ஏற்றிப் ‘பழசு’ போல ஆக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் தலைவலியை நீங்களே காசு கொடுத்து வாங்குவது அது.

சிலை விஷயத்தில், சுவாமிமலை முறை மெழுகு வார்ப்பு. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்த மெழுகில் முழு உருவத்தையும் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசி, உலர்த்தி, மேலும் மேலும் கனமாகப் பூசுவார்கள். சுட்டால் மெழுகு வழிந்து ஓடும். அந்த இடத்தில் உலோகம். மெழுகின் எடையைப்போல எட்டிலிருந்து பத்து மடங்கு உலோகம் பிடிக்கும் என்பது கணக்கு. மண்ணில் துளி ஈரம் மிஞ்சினாலும் ஆவி கிளம்பிச் சிலையில் குமிழ் விழும். அப்புறம் மண்கூட்டை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஒரு கூட்டுக்கு ஒரு சிலைதான். அலமாரியில் அச்சு மாறாமல் ஆறு நடராஜர் வரிசையாக நின்றால் அவர்கள் வேறு வழியில் பிறந்தவர்கள். விளிம்பில் இரண்டு அச்சு சேர்ந்த கோடு தேடினால் அகப்படும்.

கன வார்ப்பா, உள்ளே பொள்ளலா என்று அறிய, தண்ணீர் ததும்பும் வாளியில் முழுக்கி வழிந்ததை அளந்து பாருங்கள். சிலையின் கிராம் எடையை வழிந்த மில்லிலிட்டரால் வகுத்தால் 8க்கு மேல் வர வேண்டும். பஞ்சலோகத்தில் தங்கமும் வெள்ளியும் பெயருக்குத்தான் சேரும். ‘தங்கம் நிறையப் போட்டிருக்கிறோம்’ என்று விலை ஏற்றினால், எத்தனை கிராம் என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மாடியில் மதுரை மல்லி வைத்தேன். இலை கொழிக்கிறது, பூ இல்லை.
*வாசகி, ஈரோடு*

மதுரை மல்லியின் நாற்றுகளுக்கே பேர்போனது ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடம்தான். உங்கள் நாற்றில் குறை இருக்காது. கவாத்து செய்திருக்க மாட்டீர்கள், அல்லது தழைச்சத்து மிகுந்துவிட்டது. மல்லி புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். நவம்பர் கடைசி வாரத்தில் தண்ணீரைக் குறைத்து, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் எல்லாக் கிளையையும் வெட்டி, மிச்ச இலையையும் உருவிவிடுங்கள். மனசு வராதுதான். பிறகு தொழு உரம் வைத்துத் தண்ணீர் விட்டு, நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் மூலைக்கு நகர்த்துங்கள். மார்ச்சில் மொட்டு வரும்.