சிந்தெடிக் ஆயிலுக்குப் பணம் கட்டினேன், ஊற்றியது அதுதானா?

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன். வாரத்தில் பல நாள் சேலத்துக்கு இறங்கி ஏற வேண்டிய தொழில். என்னுடையது பி.எஸ்.6 டீசல் கார், வாரண்டி இன்னும் இருக்கிறது. கார் வாங்கிய டீலரின் சேலம் சர்வீஸ் சென்டரில், "மலை ஏறுற வண்டி சார், ஃபுல் சிந்தெடிக் போட்டுக்கோங்க" என்று சொல்லி, செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டிலும் அப்படியே எழுதினார்கள். அதற்குரிய தொகையும் வாங்கிக்கொண்டார்கள். பில்லில் 'என்ஜின் ஆயில்' என்றும் ஒரு பார்ட் நம்பரும் மட்டுமே இருக்கின்றன. அது சாதாரண ஆயில் கலந்த செமி சிந்தெடிக் ஆயிலின் நம்பர் என்கிறார் எனக்குத் தெரிந்த மெக்கானிக். ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிட்டது. கேட்டால் "சிந்தெடிக்தான் ஊத்தினோம்" என்கிறார்கள். அடுத்த முறை நானே ஆயில் வாங்கித் தருகிறேன் என்றால், வாரண்டி போய்விடும் என்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒன்று. உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் ஆயிலை அவசரப்பட்டு வடித்துவிடாதீர்கள். கோபத்தில் வேறு இடத்தில் ஆயிலை மாற்றிவிட்டு வழக்கறிஞரிடம் வருபவர்கள் நிறைய. அந்த ஆயில்தான் ஆதாரம். அது போனால் ஜாப் கார்டும் பில்லும் மட்டுமே மிஞ்சும்.

ஆயில் கறுத்ததை வைத்து வாதாட வேண்டாம். டீசல் என்ஜினில் புகைக்கரி கலப்பதால் நல்ல சிந்தெடிக் ஆயிலும் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கும் மனுவில் அதை எழுதினால் எதிர்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார்.

உங்கள் பலம் ஜாப் கார்டும் பில்லும் ஒத்துப்போகாததில் இருக்கிறது. வாக்களித்தது ஒன்று, பில் போட்டது இன்னொன்று. பொருளின் தரம், அளவு, வகை, கலவை பற்றிப் பொய்யாகச் சொல்வதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(47) நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யாதது பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடு. மெக்கானிக் வாய்மொழியாகச் சொன்னது போதாது. அந்த பார்ட் நம்பர் எந்த ஆயிலுக்குரியது என்று கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து, வண்டியோடு வந்த கையேட்டில் என்ஜின் ஆயில் பக்கத்தைப் பாருங்கள். 'சிந்தெடிக்' என்ற பெயரைவிட அங்கே எழுதியிருக்கும் கிரேடும் தர நிர்ணயமும்தான் முக்கியம். பி.எஸ்.6 டீசல் கார்களில் பொதுவாகப் புகைப்போக்கியில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், அதாவது டி.பி.எஃப் இருக்கும். அதற்குச் சாம்பல் குறைவான ஆயில் வேண்டும், ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் தரக் குறியீடுகளான ஏ.சி.இ.ஏ. சி2, சி3 என்று கையேடுகள் குறிப்பிடுவது இதைத்தான். ஊற்றிய ஆயில் அந்தத் தரத்தில் இருந்தால் உங்கள் நஷ்டம் விலை வித்தியாசம்தான். தரமே வேறு என்றால் விஷயம் பெரிது: ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், செலவும் பெரிதாக வரும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கியரைக் குறைத்துக் குறைத்து ஏறும் வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. பில்லில் உள்ள லிட்டர் அளவையும் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெரிய சர்வீஸ் சென்டர்களில் ஆயில் பெரும்பாலும் பேரலில் வரும். அளவு காட்டும் கன் வழியாக நேரே என்ஜினுக்குள் போகும். காட்டுவதற்குக் காலி டப்பா இருக்காது. ஆனால் ஸ்டோரிலிருந்து ஆயில் வழங்கிய சீட்டும், பேரலின் பேட்ச் எண்ணும், அதை வாங்கிய பில்லும் அவர்களிடம் இருக்க வேண்டும். ஜாப் கார்டு நகலோடு இவற்றையும் கேட்டு, டெலிவரி ஆனதற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள். புகாருக்கு முன் நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும், கேட்டும் தரவில்லை என்பது பின்னால் ஆணையத்தின் முன் அவர்களுக்கு எதிராகப் பேசும்.

அதே நோட்டீஸில், இன்ன தேதியில் இன்ன இடத்தில் ஆயில் மாதிரி எடுக்கப் போகிறேன், உங்கள் ஆள் வரலாம் என்றும் எழுதுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் ஓடோமீட்டரில் தொடங்கி, பாட்டிலுக்கு சீல் வைக்கும் வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். இரண்டு பாட்டில்களில் எடுத்து, சாட்சிகளின் கையெழுத்தோடு சீல் வையுங்கள். ஒன்றை, ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வாக்களித்த பிராண்டின் புது ஆயிலையும் கூடவே கொடுத்தால் பிசுக்குத் தன்மையையும் சேர்மானங்களையும் ஒப்பிடுவார்கள். இன்னொன்றைத் தொடாமல் வைத்திருங்கள். அதே நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 38-இன் கீழ் ஆணையமே அதைச் சோதனைக்கு அனுப்பலாம். ஓடிய ஆயிலை வைத்து 'இது சிந்தெடிக்கே அல்ல' என்று ஆய்வகம் எப்போதும் அடித்துச் சொல்லிவிடாது. ஆகவே அறிக்கையை மட்டும் நம்பி வழக்கைக் கட்டாதீர்கள்.

இனி வாரண்டி. நீங்கள் கொண்டுவரும் ஆயிலை ஊற்ற மாட்டோம் என்று சர்வீஸ் சென்டர் மறுக்கலாம், அது அவர்கள் விருப்பம். 'மொத்த வாரண்டியும் போய்விடும்' என்பது வேறு. இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராக 2014 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவில், வெளியே சர்வீஸ் செய்தாலே வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது. அபராதங்கள் மேல்முறையீடுகளுக்குப் போயின. ஆனாலும் அந்த நியாயத்தைத் தாராளமாக எடுத்து வாதிடலாம். கையேட்டில் சொன்ன தரத்தில் ஆயில் வாங்கி, பில்லும் பேட்ச் எண் தெரியும் போட்டோவும் வைத்துக்கொண்டு, சர்வீஸ் தேதி தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிலைக் காட்டி ஏ.சி. கம்ப்ரஸருக்கு வாரண்டி மறுத்தால் அது நிற்காது. "வாரண்டி போய்விடும்" என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். அந்தச் செய்தியைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63(4)-இன்படி மின்னணு ஆதாரத்துக்குத் தர வேண்டிய சான்றிதழையும் இணையுங்கள்.

நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நீங்களே ஆஜராகலாம், நுகர்வோர் புகார்களுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதியிலும் தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்து பாருங்கள், சில டீலர்கள் அங்கேயே இறங்கி வருவார்கள். டீலரை முதல் எதிர்தரப்பாக்குங்கள். வாரண்டியைக் கம்பெனியும் மறுத்தால் மட்டும் கம்பெனியைச் சேருங்கள். டீலரின் ஒவ்வொரு தவறுக்கும் கம்பெனி பொறுப்பாகிவிடாது.

விலை வித்தியாசம், சரியான ஆயிலோடு இலவச ஆயில் சர்வீஸ், சோதனைச் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். என்ஜினுக்குச் சேதம் என்று இப்போதே லட்சக்கணக்கில் கேட்டால், நிரூபிக்க முடியாமல் நல்ல வழக்கும் பலவீனப்படும். ஆயில் விளக்கோ டி.பி.எஃப் விளக்கோ எரிந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் வண்டியை நிறுத்தி, அதைப் போட்டோ எடுத்து, அன்றைக்கே எழுத்தில் டீலருக்குத் தெரிவித்துவிடுங்கள்.