டாம்கேட்டில் கிளாஸ் தகராறு: கணினி கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தேயிலை ஃபேக்டரியில் பச்சைத் தேயிலை எடையைப் பதியும் ஜாவா மென்பொருள் ஜாவா வெப் மென்பொருளை ஓட்டும் சர்வரான டாம்கேட் 9-ல் நன்றாக ஓடியது. புது சர்வரில் டாம்கேட் 10.1 போட்டு அதே வார் ஃபைலை (மென்பொருள் முழுவதும் அடங்கிய பொதி) வைத்தால், 'ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட்' கிளாஸ் இல்லை என்கிறது. அந்தக் கிளாஸ்கள் அடங்கிய சர்வ்லெட் ஜாரைத் தேடிப் பிடித்து டாம்கேட்டின் லிப் ஃபோல்டரில் போட்டும் சரியாகவில்லை.
– வாசகர், கோத்தகிரி

பதில்: முதலில் அந்த ஜாரை வெளியே எடுங்கள். எதுவும் தொலையவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. டாம்கேட் 10 முதல் 'ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட்' என்பது 'ஜகார்த்தா.சர்வ்லெட்' ஆகிவிட்டது. பழைய ஜாரைப் போட்டால் கிளாஸ் கிடைக்கும். ஆனால் டாம்கேட் அதை சர்வ்லெட்டாக ஏற்காது.

டாம்கேட்டை நிறுத்துங்கள். வெப்ஆப்ஸ் ஃபோல்டரிலிருந்து பழைய வார் ஃபைலையும் அது விரிந்த ஃபோல்டரையும் அழியுங்கள். வெப்ஆப்ஸுக்குப் பக்கத்திலேயே 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ' என்ற பெயரில் ஃபோல்டர் உண்டாக்கி, வார் ஃபைலை அதில் வைத்து டாம்கேட்டை ஓடவிடுங்கள். அதுவே பெயர்களை மாற்றி வெப்ஆப்ஸில் வைத்துக்கொள்ளும்.

சோர்ஸ் கோடு கையில் இருந்தால் அதிலேயே மாற்றுவதுதான் நிரந்தரம். அப்போது 'ஜாவாஎக்ஸ்' என்று கண்டதையெல்லாம் மாற்றிவிடக் கூடாது: 'ஜாவாஎக்ஸ்.எஸ்க்யூஎல்', 'ஜாவாஎக்ஸ்.நேமிங்' இரண்டும் ஜாவாவுக்கே சொந்தம், பழைய பெயரிலேயே இருக்கின்றன. 10.1-க்குக் குறைந்தது ஜாவா 11 வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு கிளாஸை அதே பெயருள்ள கிளாஸாக மாற்ற முடியாது என்று 'கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன்' வருகிறது. இரண்டு பெயரிலும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லையே?
– வாசகர், குன்னூர்

பதில்: ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இனிஷியல் கேட்போம் அல்லவா? ஜாவாவில் கிளாஸுக்கு இனிஷியல், அதை ஜாரிலிருந்து எடுத்து ஏற்றிய லோடர் என்ற பகுதி. பெயர் ஒன்றானாலும் லோடர் வேறென்றால் கிளாஸும் வேறு. உங்கள் ஜார் இரண்டு இடங்களில் இருக்கிறது என்றே தோன்றுகிறது: செயலியின் வெப்-இன்ஃப் லிப்பில் ஒன்று, டாம்கேட்டின் பொது லிப்பில் ஒன்று. ஜாவாவின் சொந்தக் கிளாஸ்களை விட்டால், டாம்கேட் முதலில் செயலிக்குள்தான் தேடும், பிறகுதான் பொது லிப்புக்கு வரும். பொது லிப்பில் இருக்கும் கோடோ செயலிக்குள் எட்டிப் பார்க்காது. இருவரும் ஆளுக்கொரு பிரதியை எடுத்துக்கொள்கிறார்கள்.

யூகிக்க வேண்டாம், சர்வரையே கேளுங்கள். டாம்கேட்டின் 'பின்' (bin) ஃபோல்டரில் செட்என்வ் ஃபைலில் (இல்லையென்றால் உண்டாக்கி), கேடலினா ஆப்ட்ஸ் வரியில் '-வெர்போஸ்:கிளாஸ்' சேர்த்து ரீஸ்டார்ட் செய்தால், ஏறும் ஒவ்வொரு கிளாஸும் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று லாகில் விழும். சிக்கலான கிளாஸின் பெயரைத் தேடுங்கள். இரண்டு பாதைகள் தெரியும். ஒன்றை நீக்குங்கள். கண்டுபிடித்ததும் அந்த ஆப்ஷனையும் எடுத்துவிடுங்கள், லாக் ஊதிப்போகும்.

எதை வைத்துக்கொள்வது? டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து வைத்துப் பகிர்ந்து தரும் கனெக்‌ஷன் பூலை டாம்கேட்டே நடத்துகிறது என்றால் டேட்டாபேஸ் டிரைவர் பொது லிப்பில் மட்டும். மற்றவை செயலிக்குள் மட்டும். கிடைத்த ஜாரையெல்லாம் பொது லிப்பில் கொட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். இன்று ஓர் எரர் மறையும், அடுத்த செயலியை வைக்கும் நாளில் இரண்டாகத் திரும்பும்.

கேள்வி: தென்மேற்குப் பருவமழையில் கரண்ட் போய் வந்தால் மட்டும் 'நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்: குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்' என்று வருகிறது. ஜார் இருக்கிறது. கையால் ரீஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது.
– வாசகர், கூடலூர்

பதில்: ஜார் மேல் குற்றமில்லை. லாகில் மேலே போங்கள். இதற்கு முன்பு ஒரே ஒரு தடவை 'எக்செப்ஷன்இன்இனிஷியலைசர்எரர்' வந்திருக்கும். அதன் கீழே உள்ள கடைசி 'காஸ்டு பை' (Caused by) வரிதான் உண்மைக் காரணம். கிளாஸ் முதன்முதலில் பயன்படும்போது ஒரே தடவை ஓடும் ஸ்டேட்டிக் பகுதி அந்தத் தடவை தோற்றால், ஜாவா மறுபடி முயலாது; ரீஸ்டார்ட் வரை இதே பதில்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், கரண்ட் வந்ததும் டேட்டாபேஸ் எழுவதற்குள் டாம்கேட் எழுந்து, ஸ்டேட்டிக் பகுதியில் கனெக்‌ஷன் கேட்டுத் தோற்கிறது. லினக்ஸ் என்றால் டாம்கேட் சர்வீஸ் ஃபைலின் 'ஆஃப்டர்' வரியில் டேட்டாபேஸ் சர்வீஸின் பெயரைச் சேருங்கள். அது பாதித் தீர்வுதான். மென்பொருள் எழுதியவரிடம் சொல்லி, கனெக்‌ஷன் கேட்பதை ஸ்டேட்டிக் பகுதியிலிருந்து எடுத்து, தேவைப்படும் நேரத்தில் கேட்கும்படி மாற்றச் சொல்லுங்கள்.